30 வாரத்தில் பிறந்த பிள்ளை, மதுரை ஐசியுவில்: உள்ளே என்ன நடக்கிறது, வீட்டார் என்ன செய்யலாம்?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். தேவகோட்டைப் பக்கம் இவருடைய தங்கைக்கு 30 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து, காரைக்குடியில் ஆபரேஷன் செய்து பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. எடை 1,300 கிராம். மூச்சுத் திணறுகிறது என்று அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் காரைக்குடி ஆஸ்பத்திரியில், பிள்ளை மதுரையில், மாப்பிள்ளை அங்கே ஐசியு வாசலில். வீட்டில் அப்பத்தா "ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது" என்று அழுதுகொண்டிருக்கிறாராம். பிள்ளை பிழைக்குமா, உள்ளே என்னதான் செய்கிறார்கள், நாங்கள் வெளியே உட்கார்ந்து என்ன செய்வது, இதுதான் கேள்வி.

நான் பச்சிளங்குழந்தைகள் ஐசியுவில் நர்ஸாக இருந்தவள், சொந்த ஊர் புதுவயல் பக்கம். உங்கள் பிள்ளையின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லக் கூடாது, அதை அங்கிருக்கிற டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் 30 வாரம், 1,300 கிராம் என்பது நல்ல ஐசியுவில் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து வீட்டுக்குப் போகிற கணக்கு. இதை அப்பத்தாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

எட்டாம் மாதப் பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை, பழைய கிரேக்க வைத்தியர்களும் இதையே நம்பினார்கள். உண்மை நேர் எதிர். வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம், எட்டில் பிறந்த பிள்ளைக்கு ஏழில் பிறந்ததைவிட வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்தக் காலத்தில் குறைமாதப் பிள்ளைகள் ஏன் தங்கவில்லை? மூச்சுக்கு வழி தெரியவில்லை, அதுதான். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 34 வாரத்தில் ஒரு மகன் பிறந்தான், எடை இரண்டு கிலோவுக்கும் மேல், உங்கள் பிள்ளையைவிட எவ்வளவோ பெரிய பிள்ளை. உலகத்தில் இருந்த எல்லா வசதியும் கிடைத்தும் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க சர்ஃபாக்டன்ட் என்கிற வழவழப்பான பொருள் உள்ளே சுரக்க வேண்டும், அது போதுமான அளவுக்கு வருவதற்கே 34, 35 வாரம் ஆகிவிடும். அது குறைவாக இருப்பதால்தான் இந்த மூச்சுத் திணறல் என்று 1959இலேயே மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், ஆனால் வைத்தியம் வரவில்லை. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் செலுத்திக் காட்டினார். இன்றைக்கு அது மதுரையில் கிடைக்கிற மருந்து. அதே 34 வாரப் பிள்ளை இப்போது பிறந்தால் சில நாள் ஐசியுவில் இருந்துவிட்டு அநேகமாக வீட்டுக்குப் போய்விடும்.

சரி, உள்ளே என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை சூடு. 1,300 கிராம் பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பே இருக்காது, சாதாரண அறையில் வைத்தால் சில நிமிஷத்திலேயே குளிர்ந்துவிடும். அதனால்தான் வார்மரில், அதாவது மேலே ஹீட்டர் இருக்கிற திறந்த படுக்கையில் வைத்திருப்பார்கள், அல்லது இங்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டியில். வயிற்றில் ஒட்டியிருக்கிற வயர் தோலின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பிள்ளைக்கு உடுப்பே போடவில்லையே என்று பார்த்தவுடன் எல்லாப் பாட்டிகளும் கேட்பார்கள், ஹீட்டர் சூடு தோலில் நேரடியாகப் படத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் மூச்சு. மூக்கில் இரண்டு சின்னக் குழாய் வைத்துத் தலையில் தொப்பியோடு கட்டியிருந்தால் அதற்குப் பெயர் சிபாப். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும், அதில் குழாயின் மறுமுனை ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருக்கும், தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆழம்தான் பிள்ளையின் நுரையீரலுக்குள் போகிற அழுத்தம். மூச்சு விடுவது பிள்ளைதான், விட்ட பிறகு காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் பார்ப்பதுதான் அந்த அழுத்தத்தின் வேலை. குமிழி நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று அர்த்தம், நர்ஸ் உடனே வந்து மூக்குப் பக்கம் சரிசெய்வதைப் பார்க்கலாம். வென்டிலேட்டர் என்பது வேறு, அதில் தொண்டை வழியாகக் குழாய் போகும். எது போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வெளியே இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் "வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள்" என்றே ஊருக்குப் போன் பண்ணுவார்கள், அதைக் கேட்டு அங்கே படுத்திருக்கிற தாய்க்குப் பால் வற்றும்.

மானிட்டர் கத்துகிற சத்தத்துக்குப் பயப்படாமல் இருப்பது கஷ்டம், தெரியும். இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 120 முதல் 160, 170 வரைகூட இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பு. ஆக்ஸிஜன் அளவை 90க்கும் 95க்கும் நடுவில் வைக்கப் பார்ப்பார்கள். "ஏன் நூறு வரவில்லை, ஆக்ஸிஜனைக் கூட்டச் சொல்லுங்கள்" என்று நர்ஸிடம் சண்டை போட்டவர்கள் பல பேர். கூட்டக் கூடாது, அளவுக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளின் கண் விழித்திரையில் ரத்தக் குழாய் கோணல்மாணலாக வளர்ந்து பார்வையே போகலாம். 1940களில், 50களில் பணக்கார நாடுகளில் ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகள் இப்படித்தான் பார்வை இழந்தார்கள். கண் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சில நேரம் பிள்ளை மூச்சு விடவே மறந்துவிடும். 20 விநாடி அப்படியே கிடக்கும், துடிப்பு இறங்கும், நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டுவார், மறுபடி மூச்சு வரும். மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்துகிற இடம் இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான். இதற்குக் கொடுக்கிற மருந்து காஃபின், நாம் குடிக்கிற காபியில் இருக்கிற அதே பொருள். 36 வாரத்தை ஒட்டிப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

எடை முதல் வாரத்தில் குறையும். 1,300 இருந்த பிள்ளை 1,150 ஆகிவிட்டது என்றால் பட்டினி போடுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை, உடம்பில் இருக்கிற கூடுதல் நீர் இறங்குகிறது. பத்துப் பதினாலு நாளில் பிறந்த எடைக்கே திரும்ப வரும், பிறகு தினமும் இருபது கிராம் சுமாருக்கு ஏறும். மஞ்சள் காமாலையும் அநேகமாக வரும், நீல லைட்டில் கண்ணைக் கட்டி வைப்பார்கள். இந்த வைத்தியம் கண்டுபிடித்ததில் ஒரு நர்ஸுக்குப் பங்கு உண்டு என்பதால் எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். 1956இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் வார்டு என்பவர் பிள்ளைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பார், வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதையும் துணி மூடியிருந்த இடத்தில் அப்படியே இருப்பதையும் அவர்தான் டாக்டர்களுக்குக் காட்டினார். அதற்காக நம் வீட்டு முற்றத்தில் குறைமாதப் பிள்ளையை வெயிலில் வைத்து மஞ்சளை இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தேவையான அளவு வெளிச்சம் அதில் சீராகக் கிடைக்காது, பிள்ளை குளிர்ந்தும் போகும், சுட்டும் போகும். லைட்டே போதும்.

இனி உங்கள் பங்கு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன், ஏனென்றால் ஐசியு கதவு சாத்தியவுடன் நமக்கு வேலை இல்லை என்று குடும்பமே வராண்டாவில் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு எந்த மெஷினும் கொடுக்க முடியாத இரண்டு வைத்தியம் தாயிடம் இருக்கிறது, பாலும் தோலும்.

பால் இன்றைக்கே தொடங்க வேண்டும். "பிள்ளை பக்கத்தில் இல்லை, ஆபரேஷன் வேறு, பால் எங்கே வரும்" என்று உங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். வரும். தங்கச்சி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மார்பின் கருவட்டத்து ஓரத்தில் மேலே கட்டைவிரலும் கீழே மற்ற விரலும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, வலிக்கும், பாலும் வராது. முதல் நாள் வருவது மஞ்சளாகக் கெட்டியாக நாலைந்து சொட்டுத்தான். அதை ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி எடுக்கலாம், ஒரு சொட்டைக்கூடக் கீழே விட வேண்டாம், அந்தச் சீம்பால்தான் பிள்ளையின் குடலுக்கு முதல் காவல். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரி உட்பட, நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் பீச்ச வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் பீச்ச வேண்டும், எடுக்க எடுக்கத்தான் ஊறும். மூன்றாம் நாள் நாலாம் நாள் மார்பு கனக்கும்போது இந்த உழைப்பின் பலன் தெரியும்.

பீச்சிய பாலை மதுரைக்குக் கொண்டுபோவது உங்கள் வேலை. முதலில் அந்த ஐசியுவில் வெளியே எடுத்த பாலை வாங்கிக்கொள்வார்களா, எந்தப் பாத்திரத்தில் வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். வாங்குவார்கள் என்றால், மூடி போட்ட சுத்தமான குப்பியில் ஊற்றி, தாய் பெயர், தேதி, பீச்சிய நேரம் மூன்றையும் ஒட்டி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். புதிதாகப் பீச்சிய சூடான பாலை ஏற்கனவே குளிர்ந்த பாலில் கலக்க வேண்டாம். வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான் கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அதையும் நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். ஐஸ் பேக் போட்ட சின்னப் பெட்டியில் வைத்துத் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் போனாலே போதும், குளிர்ச்சி குறையாமல் சேர்ந்துவிடும்.

அங்கே போனபிறகு அந்தப் பால் என்ன ஆகிறது என்று பார்த்தீர்களானால் இவ்வளவு சொட்டுக்கா இவ்வளவு பாடு என்று தோன்றாது. 30 வாரப் பிள்ளைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற மூன்றும் ஒன்றாக வராது, அது சேர 34 வாரம் ஆகும். அதனால் வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். நர்ஸ் சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிட்டு, வெறும் சிரிஞ்சைக் குழாயில் செருகி, இரண்டு அல்லது மூன்று மில்லி பாலை ஊற்றி, உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். அழுத்தித் தள்ள மாட்டார், பால் தானாக இறங்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஆக முதல் நாளின் தேவை எல்லாம் சேர்த்தே அரை டம்ளர்கூட இல்லை. வயிறு ஏற்றுக்கொண்டால் தினமும் கொஞ்சம் கூட்டுவார்கள். டின் பால் கொடுக்கிற குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் வெந்து புண்ணாகிற நெக் என்ற நோய் அதிகமாக வருகிறது, அது உயிருக்கே ஆபத்து. தாய்ப்பால் கிடைக்கும் வரை தாய்ப்பால் வங்கிப் பால் இருக்கிறதா என்று கேளுங்கள், 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கிய பால் அது. பக்கத்து பெட்டில் இருக்கிற தாயிடம் நேராக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

குழாய்க்கு அடுத்த படி பாலாடை. ஆமாம், நம் வீட்டுப் பாலாடையேதான், நாட்டில் பல ஐசியுக்களில் அதைத்தான் வைத்திருக்கிறோம். சீர்வரிசையில் வந்த வெள்ளிப் பாலாடையை உங்கள் அம்மா பெட்டியிலிருந்து எடுத்து அனுப்புவார், மறுக்க வேண்டாம், ஆனால் ஆஸ்பத்திரியில் அவர்கள் கொடுக்கிற ஸ்டீல் பாலாடைதான். வீட்டுக்கு வந்த பிறகு வெள்ளியை ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பயன்படுத்தலாம். பால் பாட்டிலும் ரப்பரும் வேண்டவே வேண்டாம்.

இனி தோல். 1978இல் கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இங்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள், தொற்று வேறு. எட்கர் ரே என்ற டாக்டர் பிள்ளைகளைத் தாயின் வெற்று மார்பில் ஒட்டிக் கட்டிவிடச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஏழைகளுக்கு வேறு வழி இல்லாமல் செய்தது என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். 2021இல் வெளிவந்த ஆராய்ச்சி அதை மாற்றிவிட்டது. டெல்லி உட்பட ஐந்து ஆஸ்பத்திரிகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே, உடம்பு நிலைப்படும் வரை காத்திருக்காமல், தாய் மார்பில் வைத்துப் பார்த்தார்கள். முதல் 28 நாளில் இறந்த பிள்ளைகள் நூற்றுக்கு 15.7லிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் இதையே செய்யச் சொல்லிவிட்டது, நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை.

சிபாப் இருந்தாலும் செய்யலாம், டாக்டர் சரி என்றால். பிள்ளைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, துவைத்துத் துவைத்து மெதுவான பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினால் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறைய எடுக்கக் கூடாது. மானிட்டரைப் பாருங்கள், கால் மணி நேரத்தில் துடிப்பு ஒரு சீராக வந்து நிற்கும். தாய் வந்து சேரும் வரை மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம், ஆண்களின் நெஞ்சும் அதே சூடுதான். நம் ஊர் ஆண்கள் இதற்கு வெட்கப்படுவார்கள், நர்ஸ்கள் முன்னால் எப்படி என்பார்கள். ஒரு தடவை பிள்ளை நெஞ்சில் தூங்கிவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இன்று காரைக்குடி டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தங்கச்சியை எப்போது மதுரைக்குக் கூட்டிப்போகலாம் என்பது. தையல் பிரிக்கும் வரை வீட்டில் இருக்கட்டும், தீட்டுக் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தொற்றைப் பற்றி ஒரே வார்த்தை, கை. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும், சளி இருப்பவர் போகவே கூடாது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டித் திருநீற்றைப் பிள்ளை நெற்றியில் பூச வேண்டாம், ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தால் பல இடங்களில் நர்ஸ்களே வார்மர் ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள்.

பணம். அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை வைத்தியம் இலவசம், 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் மருந்து, ரத்தம், வண்டி எல்லாம் அடக்கம், ஒரு வயது வரை. மதுரை ராஜாஜி மட்டுமில்லை, சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறது, பிள்ளை தேறிய பிறகு பக்கத்திலேயே வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். தனியார் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் இன்றைக்கே விசாரியுங்கள், நகையை அடகு வைத்த பிறகு விசாரிக்காதீர்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. 34 வாரத்துக்கு முன்னால் வலியோ நீர் போவதோ தெரிந்தால், முடிந்தவரை பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஐசியு இருக்கிற ஊருக்குப் போய்விடுங்கள், 108க்குச் சொல்லுங்கள். நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் நிரூபித்த ஊசி, விலை மிகக் குறைவு, ஆனால் பிள்ளை பிறந்த பிறகு அதனால் பலன் இல்லை.

வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள்? குழாய் இல்லாமல் குடிக்க வேண்டும், சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், சில நாளாக மூச்சு மறக்காமல் இருக்க வேண்டும், தொடர்ந்து எடை ஏற வேண்டும். எடை பெரும்பாலும் 1.8 கிலோ பக்கம் இருக்கும். வந்த பிறகு நம் வீடுகளில் ஒரு சிக்கல், வளவு நிறையச் சொந்தம், பிள்ளை பார்க்க வருகிற கூட்டம். உள்ளறை ஒன்றில் தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கட்டும், பார்க்க வருகிறவர்களுக்குப் பட்டாலையில் காபி கொடுத்து அனுப்புங்கள். சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, வசம்பு, மூக்கில் காதில் எண்ணெய் ஊற்றுவது, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். தலைக்கு ஊற்றுவது இரண்டரைக் கிலோ ஆன பிறகு. உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள், வயிறு சூடாகவும் கால் ஜில்லென்றும் இருந்தால் பிள்ளை குளிர்கிறது, உடனே மார்பில் வையுங்கள். பெரியவர்களிடம் சண்டை போடாமல் "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லுங்கள், எதிர்ப்பேச்சு வராது. தடுப்பூசி பிறந்த தேதிப்படி, தவழ்வது உட்காருவது எல்லாம் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண் விஷயம். 34 வாரத்துக்கு முன்னால் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். உங்கள் பிள்ளைக்கு அது பிறந்து நாலு வாரத்துக்குள் நடந்தாக வேண்டும், ஐசியுவில் இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிட்டாலும். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும், மருந்து ஊற்றிக் கண்ணின் கருமணியை விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். கோளாறு இருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைக்க வேண்டியிருக்கும், அந்த நாளைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்க்கிறார்கள். ஒரு தடவை பார்த்து விட்டுவிடுவதும் இல்லை, விழித்திரை முதிர்ந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும் வரை வரச் சொன்ன ஒவ்வொரு தேதிக்கும் போக வேண்டும், காது கேட்கும் சோதனையையும் அப்படியே முடித்துவிடுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் தாயும் தகப்பனும் தேதியை மறந்துவிடுவார்கள். காலண்டரில் குறித்து வைத்து வண்டி பேசிக் கூட்டிப்போவதைத் தாய்மாமன் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.